முன்னிலை வகிக்க ஏழு பேர்

சூலூர்
12.2.2025

அன்புக் கண்ணு மேக்னாவுக்கு,

மாமாவின் ஆசிகள். மூன்று தெரு தள்ளி இருக்கும் மாமா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று சிரிக்காதே. அறக்கட்டளை விஷயம் எதுவானாலும் தபாலில்தான் போக வேண்டும். செயலாளராகிய நானே விதியை மீறலாமா?

ஜெர்மன் படிக்கும் கல்லூரி மாணவருக்கான இவ்வாண்டு விருது உனக்கு! எங்கள் நிறுவனர் அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து நூற்பு இயந்திரம் இறக்கி, கூட வந்த புத்தகத்தைப் படிக்க ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த எரிச்சலில் பிறந்த விருது இது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உனக்கு இடம் கிடைத்திருக்கும் ஆறு வாரப் படிப்பின் முழுச் செலவும் எங்களுடையது. ஜூனில் நீ விமானம் ஏறுகிறாய்.

அன்பு மாமா,
சுந்தரராஜுலு

சூலூர்
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா உங்கள் கடிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். செலவை அறக்கட்டளை ஏற்கிறது என்று கையெழுத்திட்ட கடிதம் ஏப்ரல் பத்துக்குள் லைப்சிக் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும் என்கிறார் எங்கள் பேராசிரியர் பிரான்சிஸ். விழா எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். கடிதத்தை மட்டும் முன்னால் தருவீர்களா? ஒரு பக்கம் போதும்.

உங்கள் மேக்னா

சூலூர்
14.3.2025

கண்ணு மேக்னா,

கடிதத்தைத் தலைவர் மேடையில் உன் கையில் கொடுப்பதுதான் வழக்கம். முன்பே கொடுத்துவிட்டால் மேடையில் எதைக் கொடுப்பார்? வெறும் உறையையா?

விழாத் தேதி முடிவாகாமல் அழைப்பிதழில் சிக்கி நிற்கிறது. தலைவர் சென்னகிருஷ்ணன் தலைமை என்பதில் தகராறு இல்லை. முன்னிலை வகிக்கக் குழு உறுப்பினர்கள் ஏழு பேர். அகர வரிசையில் போட்டால் பாலுசாமிக்குக் கீழே ரங்கராஜ் வருகிறார். "அவனுக்குக் கீழ எம் பேரா? அதுக்கு என்னை வாட்ச்மேனுன்னே போட்டுருங்க" என்கிறார். வயது வரிசை என்றோம். இருவரும் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள், ஒருவருடையதை மற்றவர் நம்பவில்லை. வட்டமாக அச்சடிக்கச் சொன்னோம். தாளைச் சுற்றிச் சுற்றிப் படித்தால் கழுத்து சுளுக்கும் என்கிறார் அச்சகத்துக்காரர். கொஞ்சம் பொறு, அம்மணி.

மாமா

சூலூர்
28.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழு பேரையும் மதிக்கிறேன். பேசாமல் ஏழு விதமாக அழைப்பிதழ் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒருவரை முதலில் போட்டு, அவரவர் ஊட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

செயலாளர் கையெழுத்தே போதும் என்று பிரான்சிஸ் சார் லைப்சிக்கில் கேட்டுச் சொல்லிவிட்டார். தாளும் முத்திரையும் உங்கள் மேசையில்தானே இருக்கின்றன, மாமா? பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நான் வேறெதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. தலைவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

மேக்னா

சூலூர்
9.4.2025

கண்ணு மேக்னா,

முத்திரை மேசையில்தான் இருக்கிறது. எடுத்தேன், வைத்துவிட்டேன். தலைவருக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட நான் வாங்கியதில்லை.

நல்ல செய்தி கேள். உன் ஏழு அழைப்பிதழ் யோசனையைக் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது! "படிச்ச புள்ளைன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்று பாலுசாமியே சொன்னார். ஏழு விதத்தையும் அச்சடிக்க நாளாகும். விழா ஜூன் பதினைந்து. ஜெர்மன்காரர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல். அவர்களுக்கும் ஒன்று அனுப்புகிறோம்.

மாமா

சூலூர்
21.4.2025

செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். லைப்சிக்கில் என் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருவருக்குப் போய்விட்டது. விழாவுக்கு நான் வரவில்லை. கூடப்பிறந்த தம்பி அழைத்த பிறகு போகாமல் இருக்க முடியாது என்று அம்மா சொல்கிறார். அவர் வருவார்.

இப்படிக்கு,
மேக்னா
முதுகலை ஜெர்மன், முதலாண்டு

சூலூர்
16.6.2025

கண்ணு மேக்னா,

இது அறக்கட்டளைத் தாள் அல்ல, கடையில் வாங்கியது.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. உனக்குப் பதிலாக உன் அம்மா, என் அக்காதான் கேடயம் வாங்கினாள். தலைவர் மைக்கிலேயே கேட்டார்: "பாப்பா இப்ப ஜெர்மனியில எந்த ஊர்லீங்க இருக்கா?" கைதட்டுவதற்குக் கூட்டம் தயாராக இருந்தது.

"சூலூர்லதானுங்க. ஊட்டுல துணி மடிச்சிட்டிருக்கா. உங்க கடுதாசி வராம எப்படீங்க போவா?" என்றாள் அக்கா.

பின்வரிசையில் சிலர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஒரு கடுதாசிதானுங்களே? நீங்களே கையெழுத்துப் போட்டு உட்டிருக்கலாமல்ல?"

அவரிடம் நான் கேட்டிருக்கவே இல்லை, கண்ணு. கேட்டால் தப்பாக நினைப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று அக்காவுக்குப் போன் செய்தேன். "என்னை ஏன் கேக்கறே? அவளைக் கேளு" என்று வைத்துவிட்டாள்.

கேட்கிறேன். வரட்டுமா?

மாமா