மாறாத கேப்டன்

அன்புள்ள உங்களுக்கு,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள், உங்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு.

நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அணி அமைத்து ஆன்லைனில் ஆடுவீர்களே, அந்தக் கற்பனை டென்னிஸில், உங்கள் குழுவிலேயே நானும் வேறு பெயரில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். எப்போதும் கடைசி இடம்தான்.

"குழந்தை அழறது கேக்கல, டென்னிஸ் மட்டும் கேக்குதா? போய் அந்தக் கூட்டத்தோடவே குடும்பம் நடத்துங்க" என்று நான் கத்தினேன். மறுநாள் வீட்டை விட்டே போய்விட்டீர்கள். போனை எடுப்பதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் உங்கள் அணி மாறும். பதினோரு வாரமாக எனக்கு வந்த கடிதம் அது ஒன்றுதான்.

இந்த ஞாயிறு மாறவில்லை. முழங்கால் அடிபட்டுப் போட்டியிலிருந்தே விலகியவன்தான் இன்னும் உங்கள் கேப்டன், இரட்டைப் புள்ளி தரவேண்டியவன். "என்னண்ணே, முட்டி போனவனையா கேப்டனா வச்சிருக்கே? தூங்கிட்டியா?" என்று குழுவில் உங்கள் தம்பி கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட கேப்டனை மாற்ற மறக்காதவர் நீங்கள்.

இரவு பன்னிரண்டு மணிக்கு அணிகளைப் பூட்டிவிடுவார்கள், பிறகு மாற்ற முடியாது. அதற்குப் பத்து நிமிடம் முன்பு உங்கள் கணக்கில் பாப்பாவின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தேன். திறந்துகொண்டது. கடவுச்சொல்லை நீங்கள் இன்னும் மாற்றவில்லை. அழுதுவிட்டேன். கேப்டனை நானே மாற்றியிருக்கலாம். மாற்றினால் நீங்கள் நலமென்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், தேட ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்படியே மூடிவிட்டேன்.

காலையில் உங்கள் தம்பியிடம், நீங்கள் வீட்டை விட்டுப் போனது உட்பட எல்லாவற்றையும் சொல்லி, உங்களைத் தேடச் சொல்லப்போகிறேன். நீங்கள் வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா