டியூப்லைட்மேல் போட்ட பழி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். நீயும் மகளும் பேத்தியும் நலம்தானே? முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று வேலையில் எங்கள் இன்ஜினியரின் தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டேன். இருபது வருடமாகச் சாக்கடைக்குள் கேமரா விடுகிறவன், மூக்கு மரத்துப்போனவன் என்று உன் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேனே, அதே ஆள்தான்.

வேலை நம் தெருவில்தான். பக்கத்தில் பள்ளத்திலிருக்கும் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் உன் தையல்காரியின் அடுப்படியில் சாக்கடை எதிர்த்து ஏறுகிறது. வீட்டுச் சொந்தக்காரர், "உன் துணி வெட்டுதான் அடைச்சிருக்கு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்றாராம். அவள் என்னிடம் வந்து, "அக்காவும் ஊர்ல இல்ல, நீங்கதாண்ணே பாத்துச் சொல்லணும்" என்றாள்.

கேமராவுக்கு முன்னால் இரண்டு குட்டி டியூப்லைட். வண்டியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும். அங்கிருந்து எண்பது மீட்டர் கேபிள். போகப் போக மின்சாரம் களைத்து, டியூப் கண்ணடிக்கும். திரையில் கண்டதை முழுதாகச் சொன்னால் நீ ஒரு வாரம் சாப்பிடமாட்டாய். சீழ்போல வெள்ளைக் கொழுப்பு, அதில் முடி, முடிக்குள் நெளியும் புழு, மேலே குடும்பத்தோடு கரப்பான். வாடை பொறுக்காமல் மேசை விசிறியை அதே இன்வெர்ட்டரில் செருகினேன். டியூப் படுத்துவிட்டது. "உனக்குக் காத்து வேணுமா, கேமராவுக்கு வெளிச்சம் வேணுமா?" என்று இன்ஜினியர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பதில் இல்லை.

அவர் தலைக்கவசத்தைக் கழுவப் போனார். நான் விசிறியைப் பிடுங்கிவிட்டுக் கேமராவை உள்ளே தள்ளினேன். அடைப்பு தெரிந்தது. துணி ஓர் இழைகூட இல்லை. உறைந்த எண்ணெய், ஒரு பன்றிக்குட்டி பருமனுக்கு. நீ மகள் வீட்டுக்குப் போன இந்த மூன்று மாதமாக முட்டை பொரித்த எண்ணெயையெல்லாம் சட்டியோடு பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்து வந்ததை உனக்கு எழுதவில்லை. கட்டி தொங்கியது நம் வீட்டுக் குழாயின் வாயில்.

மாலையில் தண்ணீர் பீய்ச்சி அதை உடைத்துவிட்டார்கள். அறிக்கையில், "வெளிச்சம் போதவில்லை, காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கொழுப்பைவிட இந்த வரிதான் இப்போது குமட்டுகிறது. தையல்காரி மூட்டை கட்டுகிறாள். உன் புது உடுப்பைத் தைத்து முடித்துவிட்டுத்தான் போவாளாம்.

மாதம் முடிய இன்னும் பதினொரு நாள். சீக்கிரம் வா. முடியாவிட்டால் நாலு வரி திட்டியாவது எழுது. உன் திட்டு விழுந்தால்தான் என் கால் அந்த வீட்டுச் சொந்தக்காரர் பக்கம் நகரும். பேத்திக்கு ஒரு முத்தம், வாயைக் கழுவிவிட்டுத்தான்.

இப்படிக்கு,
நாற்றம் போகாத உன் கணவன்

பி.கு.: அடைப்பு தெரிந்த அந்த இடத்தில் இரண்டு டியூப்பும் இமைக்காமல் எரிந்தன.