கறுப்புக் கோழி எழுந்து நின்றது

அன்பு மாமாவுக்கு,

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கறுப்புக் கோழிக்குக் கழிச்சல் வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. கூடையில் பழைய துணியைப் போட்டுக் கிடத்தினேன். பக்கத்து வீட்டு வசந்தாமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது இனி எதுக்காகும் சாமி? அறுத்துக் கொழம்பு வெச்சுரு" என்றார். எனக்கு மனம் வரவில்லை.

ஊறவைத்த கம்பை நசுக்கி அதன் வாயில் வைத்தேன். இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வைத்துவிடும் என்று மாற்றி மாற்றிப் படுக்கவைத்தேன். எச்சத்தை வெந்நீரில் துடைத்துவிட்டேன். முதலில் குமட்டியது. பிறகு கை பழகிவிட்டது.

நேற்று அது எழுந்து நின்றது. தள்ளாடியபடி வாசல்வரை போய் மண்ணைக் கிளறியது. அக்கா ஓடிவந்து, "பாரு, உம்பட ஊட்டுக்காரரும் இப்படித்தான் எந்திரிச்சு நடப்பாரு" என்றார். நான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மாமா, டாக்டர் உங்களிடம் சொன்னதை என்னிடமும் சொல்லிவிட்டார். போர் போடும் ரிக் வண்டியிலிருந்து நீங்கள் விழுந்த அன்றைக்கே தண்டுவடம் போய், எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"என்னைய அவகிட்டக் கொண்டுபோய்ப் போட்றாத, எங்கியாச்சும் ஆசிரமத்துல சேத்துரு" என்று உங்கள் தம்பியிடம் சொன்னீர்களாமே.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நீங்கள் இனி நடக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் கூட்டிப்போக வருகிறேன். என் முகத்தைப் பார்த்து, வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி