நீ ஒட்டிவிட்டுப் போன அம்பு

வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ கேம் கன்ட்ரோலரைத் துடைக்கலாம் என்று திருப்பினேன். அதன் முதுகில் உன் அம்பு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு வெளிறிவிட்டது. உள்ளங்கை வியர்வையில் ஓர் ஓரம் சுருண்டிருக்கிறது. உங்கள் கார்மென்ட்ஸில், சட்டையில் தையல் எங்கே பிசகியிருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவதற்குக் கொடுக்கிற ஸ்டிக்கர் அது. உன் கைப்பையில் சீப்பு இருக்குமோ இருக்காதோ, அந்த ஸ்டிக்கர் தாள் கட்டாயம் இருக்கும்.

புதிய வேட்டை விளையாட்டின் பீட்டா வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். முழு விளையாட்டு வெளிவருவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு சோதனைப் பதிப்பை நாலு நாளைக்கு எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். இணையத்தில் நாலு பேர் சேர்ந்து போய், வீடு உயரத்துக்கு நிற்கும் ஒரு மிருகத்தை வீழ்த்த வேண்டும். நாலாம் நாள் மூடும்போது நாம் சேர்த்த கவசம், கத்தி, கொம்பு, தோல் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றைத்தான் முழு விளையாட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆரம்பத்தில் உட்கார்ந்து செய்கிறோமே, வேட்டைக்காரியின் முகம், அது மட்டும். மற்றவர்கள் அவசர அவசரமாக ஏதோ ஒரு மூஞ்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுவார்கள். நீ விட மாட்டாய். "மிருகம் எங்க ஓடிடப் போவுது? மூஞ்சிய மொதல்ல ஒழுங்கா பண்ணுடி" என்பாய்.

நம் வழக்கத்தை வெளியில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். என் வேட்டைக்காரிக்கு உன் முகம், உன் வேட்டைக்காரிக்கு என் முகம். நீதான் ஆரம்பித்தாய். கல்யாணம் ஆகி நீ ஊரின் மறுகோடியில் இருக்கும் சந்தாபுராவுக்குப் போன பிறகு, ஜோகுபாளையத்திலிருந்து உன்னைப் பார்க்க வருவதென்றால் பஸ் மாறிப் பஸ் ஏறி, போகவர ஒரு நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, நீ அங்கே குழம்பை இறக்கிவிட்டு, நான் இங்கே துணி துவைத்துப் போட்டுவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு காட்டில் சந்திப்பதுதான் முடிந்த காரியம். "என் மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்? அதான் கண்ணாடி கீதே. உன் மூஞ்சிய அனுப்பு" என்றாய். எட்டாம் வகுப்பில் என் அண்ணனுடைய கையடக்க மெஷினில் ஒருத்தி விளையாட ஒருத்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த நமக்கு, ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொருத்தி முகம் என்பது பெரிய வசதியாகத்தான் இருந்தது.

நீ செய்த என் முகத்தைப் பார்த்து நான் கத்தியது நினைவிருக்கிறதா? காதுக்குக் கீழே இருக்கும் மச்சத்தைக்கூட விடவில்லை நீ. பரு வந்து போன குழிகள், தாடைக்குக் கீழே தொங்கும் சதை, ஏறி நிற்கும் ஒரு பல்.

"இவ்ளோ கேவலமாவாடி இருக்கேன்?"

"உள்ளது உள்ளபடி. உன்ன மாதிரி டச்சப் பண்ண எனக்குத் தெரியாது."

அது உண்மைதான். சிவாஜிநகர் ஸ்டுடியோவில் பதினைந்து வருஷமாக எனக்கு அதுதான் வேலை. பாஸ்போர்ட் போட்டோ, பெண் பார்க்க அனுப்பும் போட்டோ, கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி பேனர் எதுவானாலும் என் மேஜைக்கு வந்தால் கருவளையம் போகும், வழுக்கை ஓரளவு மூடும், தொப்பை உள்ளே போகும். நீ குறையைத் தேடி அம்பு ஒட்டுகிறவள், நான் குறையைத் தேடி அழிக்கிறவள். இரண்டு பேருக்கும் கண் ஒன்றுதான், கைதான் வேறு.

போன விளையாட்டின் பீட்டா வந்தபோது உனக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். மாத்திரையில் உன் முகம் வட்டமாக ஊதியிருந்தது. வகிடு அகன்று மண்டைத்தோல் தெரிந்தது. நான் கொடுத்த உப்பில்லாத உப்புமாவைத் திட்டிக்கொண்டே தின்றபடி, நான் உன் முகத்தைச் செய்வதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முடித்துவிட்டுத் திரும்பினேன். நீ எழுந்து போய், கைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து டிவி கண்ணாடியில் மூன்று இடத்தில் ஒட்டினாய். கன்னத்தில் ஒன்று, தாடையில் ஒன்று, வகிட்டில் ஒன்று.

"மூணு டிஃபெக்ட். பீஸ் ரிஜெக்ட்."

"இன்னாடி டிஃபெக்ட்? நல்லாத்தானே இருக்கு!"

"நல்லாதான் இருக்கு. யாரு இவ?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன், ஆனால் என் கை கல்யாணத்துக்கு முந்தைய உன்னைச் செய்துவைத்திருந்தது. விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "இதெல்லாம் சரியாப் போயிடும். அப்ப இதான் உன் மூஞ்சி" என்றேன்.

"சரியாவலன்னா?"

நான் ஓகே பட்டனை அழுத்திவிட்டேன். மூன்று ஸ்டிக்கரையும் பிய்த்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கன்ட்ரோலரின் முதுகில் ஒட்டினேன். நீ மறுபடியும் உப்புமாவைத் திட்ட ஆரம்பித்தாய்.

அந்த முகத்தோடுதான் இரண்டு வருஷம் வேட்டையாடினோம். நீ கொம்பு ஊதி எங்கள் எல்லோருக்கும் பலம் ஏற்றுவாய், நான் தூக்க முடியாத வாளைத் தூக்கிக்கொண்டு தப்பான நேரத்தில் வீசுவேன். மூன்று முறை யாராவது மயங்கி விழுந்தால் வேட்டை முடிந்தது. அந்த மூன்றில் இரண்டு எப்போதும் என்னுடையது. நீ ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. முகத்தை மாற்ற முழு விளையாட்டில் வழி இருந்தது. நான் மாற்றவில்லை, நீயும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நீ பேசாததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலே தையல் லைனையே நிறுத்துகிறவள் நீ.

போன மழைக்கு முந்தைய மழையில் நீ போய்விட்டாய். மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். காரியத்துக்கு பேனர் அடிக்க வேண்டும், தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி போதும் என்று சொல்லி, தன் போனிலிருந்து ஒரு போட்டோவை அனுப்பினார். அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, நான் வேலையை ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கன்னத்தை இறக்கினேன், தாடையைக் கூராக்கினேன், வகிட்டை மூடினேன். அழுதுகொண்டே செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"நல்லாத்தாம்மா கீது" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆனா இவள நான் பாத்து நாலு வருஷம் ஆவுது."

"மாத்திடட்டுமாண்ணா?"

"வுடும்மா, வாணாம். டைம் இல்ல."

உன் தெரு முனையில் பதினைந்து நாள் அந்த பேனர் நின்றது. நான் காரியத்துக்கு வந்தபோது அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது இந்த பீட்டா. வியாழக்கிழமையே தரவிறக்கி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஓனரிடம் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பழைய விளையாட்டில் செய்த முகம் இதில் ஏறாது என்று முதல் திரையிலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் வெறும் மண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. இந்த முறை சரியாகச் செய்துவிட வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மிருகம் ஒன்றைக்கூட அடிக்காமல் நாலு நாள் போனாலும் போகட்டும் என்று இருந்தேன்.

நான் எந்த போட்டோவைத் திருத்தினாலும் ஒரிஜினலை அழிப்பதில்லை. உன் வீட்டுக்காரர் அனுப்பிய படம் அப்படியே இருந்தது. அதைப் போனில் போட்டு டிவிக்கு அடியில் சாய்த்து வைத்தேன். கன்னத்துக்குத் திரையில் ஒரு கோடு, அதில் நகரும் ஒரு புள்ளி. வலது பக்கம் தள்ளினால் சதை ஏறும். பாதிக் கோட்டில் என் கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது. தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வேறு எதையோ சரிசெய்கிற சாக்கில் திரும்பவும் இடது பக்கம் கொண்டுவந்திருக்கிறேன். எரிச்சலில் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய் டீ போட்டேன். திரும்ப வந்து கன்னத்தைக் கோட்டின் கடைசி வரை தள்ளினேன். தாடை, கண்ணுக்குக் கீழே வீக்கம், நெற்றியில் இருந்த கறுப்புத் திட்டு, வகிடு என்று சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் போட்டேன். சனிக்கிழமை அரை நாள் கடைக்குப் போய்விட்டு வந்து மறுபடி பார்த்தேன். போட்டோவில் இருப்பது அத்தனையும் திரையில் இருந்தது. ஆனாலும் ஓகே அழுத்தக் கை வரவில்லை. பார்த்துச் சொல்ல நீ இல்லை. டிவி திரையைப் படம் பிடித்து உன் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"யாரும்மா பண்ணது இத?"

"நான்தாண்ணா. அந்த வேட்டை கேம் இருக்குல்ல, அதுக்கு."

"கன்னம் கரெக்டா கீது. வகிடுகூட." பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணா."

"அந்த போட்டோ நான் எடுத்தது. அட்மிட் ஆவறதுக்குக் கெளம்புன அன்னிக்கு. பயந்துகினு இருந்தா அன்னிக்கு. மத்த நாளெல்லாம் அப்பிடியா இருந்தா? நம்மகிட்ட ஏதாச்சும் தப்பு கண்டுபுடிச்சா ஒரு மாதிரி சிரிப்ப அடக்குவாளே. வாயோரம் கொஞ்சம் மேல போவும். அது இல்ல இதுல."

போனை வைத்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தேன். திருத்தாமல் விட்டால் அதுதான் நீ என்று நினைத்துவிட்டேன். ஒரு காலை நேரத்துப் பயத்தை உன் முகம் என்று எடுத்து முழு விளையாட்டுக்கும் சுமக்கப் பார்த்திருக்கிறேன். முன்பு உன் நோயைப் பார்க்காமல் விட்டேன், இப்போது நோயை மட்டும் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பீஸ் ரிஜெக்ட்தான்.

கன்ட்ரோலரின் முதுகில் நான் ஒட்டிய மூன்றில் இரண்டு எப்போதோ விழுந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றை நகத்தால் மெதுவாகக் கிளப்பினேன். பசை காய்ந்திருந்தது, எச்சில் தொட்டுத்தான் ஒட்ட முடிந்தது. டிவி கண்ணாடியில் உன் வாயோரத்தைக் காட்டி ஒட்டினேன். பிறகு வாயோரத்துக்கான கோட்டில் புள்ளியை ஒரு படி ஏற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் படியில் பற்பசை விளம்பரத்துப் பெண் மாதிரி ஆகிவிட்டாய். இரண்டாம் படிக்கு இறக்கினேன். ஊதின கன்னத்தோடு, அகன்ற வகிட்டோடு, என் உப்புமாவைத் தின்றுகொண்டு "யாரு இவ?" என்று கேட்டவள் அங்கே இருந்தாள். ஓகே அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேட்டைக்குப் போனேன். வாளைத் தொடவில்லை, கொம்பை எடுத்துக்கொண்டேன். ஊதவே தெரியவில்லை எனக்கு, உன்னிடம் கேட்டு வைத்திருக்கலாம். முகம் தெரியாத மூன்று பேரோடு போய் இரண்டு முறை மயங்கி விழுந்தேன், எப்படியோ ஜெயித்தோம். கிளம்பும் முன் கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி இதிலும் இருக்கிறது. கன்னம் நிறைய அடைத்துக்கொண்டு நீ மென்றாய், நன்றாக இருந்தது. வேட்டை முடிந்த பிறகும் முகாமில் சுற்றிக்கொண்டே இருந்தேன். எதிரில் வருகிற ஒவ்வொருத்தர் முகத்தையும் நின்று பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. காதுக்குக் கீழே மச்சமும் ஏறி நிற்கும் பல்லுமாக ஒருத்தியும் இல்லை. என்னை உள்ளபடி பார்த்துச் செய்ய உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லையடி.

உன் பேனருக்குப் பிறகு கடையில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். "இருக்கற மாதிரியே விட்டுடட்டுங்களா?" என்றால் முக்கால்வாசிப் பேர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "சரி பண்ணிடும்மா" என்கிறார்கள். அஞ்சலி பேனருக்கு வருகிறவர்களிடம் மட்டும் இனி இன்னொன்றும் கேட்கப்போகிறேன், எப்படிச் சிரிப்பார் என்று. ஓனருக்குப் பொறுமை போய்விடும்.

இன்று திங்கட்கிழமை, காலை எட்டரைக்கு பீட்டாவை மூடிவிட்டார்கள். கவசமும் கொம்பும் போயிற்று. உன் முகம் மட்டும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது, பிறகு டிவியை அணைத்தேன். கடைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, ஆனாலும் தரையை விட்டு எழவில்லை. ஸ்டிக்கர் கண்ணாடியிலேயே இருந்தது. கறுத்த திரையில் என் மூஞ்சி மங்கலாகத் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு உன் அம்பு சரியாக என் வாயோரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு படி ஏற்றிக்கொண்டேன்.