உப்புக்கோட்டையின் மூன்றாம் அத்தியாயம்

பிப்ரவரி 3, சனி

கடையில் இன்று பதினொரு கண்ணாடி. ஒரு டீச்சரம்மாவுடைய லென்ஸில் படிக்கும் பகுதிக் கோடு சற்று மேலே ஏறிவிட்டது. மறுபடி அறுத்துத் தேய்த்தேன். நடுவில் அண்ணன் போன். குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

அண்ணன் எழுதி நான் படம் போட்ட எங்கள் பழைய கதையாட்டப் புத்தகம் ‘உப்புக்கோட்டை’யை மறுபடி அச்சடிக்கிறார்களாம். நூலகத்தில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடத்தும் நூலகர் பெண் எங்கேயோ ஒரு பழைய பிரதியைப் பிடித்திருக்கிறாள். அந்த ஆட்டக் குழுவுக்குப் பத்து வருஷம் நிறைகிறது என்று அச்சகத்திலும் பேசிவிட்டாள். இன்னும் முழுசாகப் படிக்கவில்லையாம், அதற்குள் அவ்வளவு ஆசை.

“உன் படமும் அப்படியே வரும்டா, தம்பி” என்றான்.

தம்பி. எத்தனை வருஷம் ஆயிற்று. நாற்பத்தேழு வயதில், விரலெல்லாம் லென்ஸ் மாவோடு, தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மனசு நாங்கள் ஆடிய அந்த அறையை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

சைக்கிள் கடைக்கு மேல் மாடி. கடை, நாங்கள் கணக்கன் என்று கூப்பிடும் கூட்டாளியின் மாமாவுடையது. சனிக்கிழமை மத்தியானம் ஏறினால் பொழுது சாயும்வரை. கீழே டியூப் ஒட்டும் பசை வாசனை, மேலே தகரக் கூரை. மழை வந்தால் அண்ணன் தொண்டை கிழியக் கத்தித்தான் கதை சொல்லவேண்டும். ரகசியச் சுரங்கத்தில் மெதுவாக நடப்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வான்.

ஆட்டம் இவ்வளவுதான்: அண்ணன் கதை சொல்வான், நாங்கள் ஆளுக்கொரு வேஷம். கள்ளன், வில்லாளி, மந்திரவாதி. என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லவேண்டும். பலிக்குமா என்று பகடை சொல்லும். அந்த ‘இவ்வளவுதா’னில் நாலு வருஷம் குடியிருந்தோம். கதையை நடத்துகிறவன் என்பதால் அண்ணனுக்குக் கண்டக்டர் என்று பெயர். நடுவில் யாராவது அரட்டை அடித்தால், டிக்கெட் எடுக்காதவங்க எறங்கிக்கலாம் என்பான். கணக்கன் பகடை கீழே விழுவதற்குள் எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்லிவிடுவான். இப்போது நிஜமாகவே கணக்கு வாத்தியார். இன்னும் இரண்டு பேர், வெளியூர் போய்விட்டார்கள்.

நாங்கள் கூச்சல் போடும்போதெல்லாம் மாமா கீழேயிருந்து கேட்பார்: “யாருப்பா செத்தது?”

கணக்கன் எட்டிப் பார்த்து, “இன்னும் யாரும் இல்ல மாமா, ரெண்டு பேருக்கு இழுத்துக்கிட்டிருக்கு” என்பான்.

நான் ஒருத்திதான் பெண். அதனால்தான் தம்பி. முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. கோட்டை, கிணறு, சந்தை, எல்லா வரைபடமும் நான் வரைந்தவை. அதற்குப் பிறகு எந்த மேஜையிலும் அத்தனை சுகமாக உட்கார்ந்ததாக நினைவில்லை. கல்யாணப் பேச்சு மேஜை உட்பட.

பிப்ரவரி 11, ஞாயிறு

நூலகரிடமிருந்து கடிதம், அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தை இப்படியே அச்சுக்குக் கொடுக்க அவளால் முடியாதாம். குழுவில் பதினாறு வயதுப் பெண்கள் வருகிறார்களாம்.

மூன்றாம் அத்தியாயம் சந்தை. பிடிபட்ட பெண்களை விற்கும் இடம். ஆறு வரியில் ஓர் அட்டவணை. பகடையை உருட்டினால் அவளை யார் வாங்குகிறான், வாங்கியவன் என்ன செய்கிறான் என்று வரும். ஆறில் ஒன்றில்தான் தப்பிக்கிறாள்.

எனக்கு மறந்தே போயிருந்தது என்று எழுத வந்தேன்.

மறக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எங்களையும் சேர்த்திருந்த நூலகக் குழுவின் வாட்ஸ்அப்பில் தீப்பிடித்துவிட்டது. விடிவதற்குள் நூற்று நாற்பது செய்தி. கணக்கன்தான் ஆரம்பம். ராட்சசன் தலையை வெட்டினா யாரும் அழறதில்ல, இதுக்கு மட்டும் ஏன் பெண்ணியம் என்று கேட்டிருந்தான். கல்லூரிப் பெண் ஒருத்தி பதில் போட்டிருந்தாள்: “நாங்க போற பஸ்ஸுல ராட்சசங்க ஏறதில்ல சார். வாங்குறவங்கதான் ஏறாங்க.”

பிறகு வழக்கமானது. பிடிக்கலைன்னா சொப்பு வெச்சு விளையாடுங்க என்று ஒருவன். வரலாற்றில் இல்லாததா என்று இன்னொருவன். பறக்கிற குதிரை வரும் கதையில் வரலாற்றை எங்கே தேடுகிறான்?

கடைசியில் கணக்கன் துருப்புச் சீட்டை இறக்கிவிட்டான்: “எங்க கூடயும் ஒரு பொண்ணு இருந்தாங்க. அந்தச் சந்தைப் படத்த வரைஞ்சதே அவங்கதான். அவங்களுக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. அவங்களயே கேளுங்க.”

கீழே என் பெயர். எல்லோரும் காத்திருக்கிறார்கள். நூலகரும்தான்.

பிப்ரவரி 14, புதன்

பதில் போடவில்லை. இரண்டு லென்ஸ் உடைந்தது.

பிப்ரவரி 17, சனி

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் எங்கே?

நான் ஒருத்திதான் பெண் என்றேனே, பொய். மூன்று சனிக்கிழமை இன்னொருத்தி வந்தாள். நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு, அப்போது நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். ரெட்டைச் சடை, மூக்கோரம் மச்சம். முதல் வாரம் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் வாரம் எங்கள் நாலு பேர் உயிரையும் காப்பாற்றினாள்.

மூன்றாம் வாரம் கதையில் அவள் வேஷம் சந்தையில் பிடிபட்டது. கணக்கன் பகடையை உருட்டி அட்டவணையைப் படித்தான். ஒருமுறை போதாதென்று மறுபடி உருட்டினான். குரலை மாற்றி, ஏலம் விடுகிற மாதிரி. சிரிப்பு. அவள் கூரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

எனக்கு பஸ் இருக்கு என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். விளையாட்டைக்கூட விளையாட்டா எடுத்துக்கத் தெரியல என்றது யார்? நான்தான். அப்போது உள்ளுக்குள் என்ன இருந்தது என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். நிம்மதி. பகடை என் பக்கம் திரும்பவில்லை என்ற நிம்மதி. நான் தம்பி அல்லவா.

மறுவாரம் புத்தகத்துக்காகச் சந்தைப் படம் வரைந்தேன். மேடையில் நிற்கும் பெண்ணுக்கு ரெட்டைச் சடை போட்டேன். மூக்கோரம் மச்சம் வைத்தேன். என்னை விட்டுப் போனாளே என்ற கோபம். பையன்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் பிரமாதம் என்றான்.

இருநூறு பிரதி ஸ்பைரல் போட்டோம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேஜை மேல் பழைய பிரதி. ஓரம் மடங்கிய பக்கங்களை இஸ்திரி போட்டு நிமிர்த்திக்கொண்டிருந்தான், துணி வைத்து, மெதுவாக. அண்ணி, சட்டையக்கூட இவ்வளவு பாசமா தேய்ச்சதில்ல என்றாள்.

மச்சத்தைப் பற்றிச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். தெரியுமா என்றேன். தெரியும் என்றான். துணியை மடித்துக்கொண்டே, அந்த வயசுல எல்லாருமே அப்படித்தானே இருந்தோம் என்றான்.

“எல்லாரும் இல்லண்ணா. அவ அப்படி இல்ல.”

“அப்ப அந்த நாலு வருஷமும் குப்பையா? நீயே சொல்லு. அதுல ஒண்ணுமே நல்லதில்லையா?”

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனோடு சண்டை போடத் தெம்பில்லை. நல்லது இருந்துச்சு, அதான் இவ்வளவு கஷ்டமா இருக்கு என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. குழுவில் ஒரு வார்த்தை எழுதிவிடு, கணக்கன் மானம் போகிறது என்று வாசல்வரை வந்து சொன்னான். மானம் போகிறதாம்.

பிப்ரவரி 22, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அங்கேதான் ஹெட் நர்ஸ் என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். எங்கள் கடைக்கு அங்கிருந்துதான் பாதிக் கண்ணாடிச் சீட்டு வருகிறது. லென்ஸ் கொடுக்க வேண்டியிருந்தால் எப்போதும் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தாள். ரெட்டைச் சடை போய்க் கட்டையான நரைமுடி. என்னைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். வேலையை நிறுத்தவில்லை. மேல பாருங்க தாத்தா, என்று ஒரு சொட்டு. சொல்லு, என்று எனக்கு.

நான் வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதையெல்லாம் விட்டுவிட்டேன். படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“பாத்துட்டேன்” என்றாள். “ரெண்டாவது வருஷம் எங்க ஹாஸ்டலுக்கே வந்துச்சு அந்தப் புஸ்தகம். அது நான்தான்னு பாத்தவுடனே எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. படிப்பு முடியற வரைக்கும் எனக்கு ‘எவ்வளவு’ன்னுதான் பேரு. எவ்வளவு வந்துட்டா பாரு, எவ்வளவு போறா பாரு.”

மேல பாருங்கம்மா. ஒரு சொட்டு.

தெரியாமல் வரைந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிஞ்சேதான் வரைஞ்சேன் என்றேன்.

“தெரியும். நீ நல்லா வரைவ.”

வரிசை முடிகிறவரை கூடவே நடந்தேன். கடைசியில் மருந்துக் குப்பியை மூடிக்கொண்டே சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவ. எனக்கு அப்படிச் சொல்லத் தோணல. அந்தப் படம் திரும்ப வரக்கூடாது. அத மட்டும் பாத்துக்க.”

பெஞ்சிலிருந்த அம்மா, கண்ணை மூடியபடியே, யாருடி இவ என்று கேட்டாள். பழைய சிநேகிதி என்றாள். ‘பழைய’வில் ஒரு அழுத்தம்.

பிப்ரவரி 23, வெள்ளி

காலையில் கடை திறக்குமுன் குழுவில் எழுதிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. அந்தப் படம் உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முகம், அவளைக் கேட்காமல், அவமானப்படுத்தத்தான் வரைந்தேன். எனக்குத் தப்பாகத் தெரியவில்லை என்பது பொய், எனக்குத் தெரிந்தது, சிரித்தேன். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். என் படங்கள் எதையும் அச்சிட நான் சம்மதிக்கவில்லை. இவ்வளவுதான்.

பிறகு கணக்கன் வெளியேறினார் என்று வந்தது. எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தான்: கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே.

மாமா செத்த அன்று என் தோளில் சாய்ந்து அழுதவன் அவன். சாயங்காலம்வரை லென்ஸ் தேய்த்தேன். கண்ணாடியை மூன்று முறை கழற்றித் துடைத்தேன், அது அழுக்காக இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, குளிக்கிறார் என்றாள். மூன்று நாளாகக் குளிக்கிறான்.

மார்ச் 17, ஞாயிறு

அலமாரியைக் குடைந்தபோது கிணற்று வரைபடம் கிடைத்தது. நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு படிக்கட்டும் எண்ணி எண்ணி. ஓரத்தில் டீ டம்ளர் வட்டம், யாருடையதோ. இதைக் கிழிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளவும் கூசுகிறது. அந்த அறையை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது, அந்த இனிப்பு இப்போது தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. என்ன செய்ய? மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, சனி

அண்ணன் கடைக்கு வந்தான். கண்ணாடிக் காது தளர்ந்துவிட்டது, திருகிக் கொடு என்றான். தளரவே இல்லை. திருகுகிற மாதிரி பாவனை செய்தேன்.

அச்சகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறான், ஏழு தடவை. சந்தையை எடுத்தால் நாலாம் அத்தியாயம் நிற்கவில்லை, கதை முழுக்க அந்தச் சந்தையைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று இப்போதுதான் தெரிந்ததாம். தானே எழுதியதாயிற்றே.

கணக்கனைப் போய்ப் பார்த்தானாம். பேச்சு சரியாக அமையவில்லை. முப்பது வருஷச் சிநேகம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னான்: “நீ சிரிச்சத மட்டும் எழுதின. கண்டக்டர் நான். நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெண்டாவது தடவ உருட்டும்போது நான் அடுத்த பக்கத்தப் பொரட்டிக்கிட்டிருந்தேன்.”

எனக்குத் தெரியாது, இவ்வளவு நாளும் அவனும் அந்த மத்தியானத்தைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தானென்று.

மே 12, ஞாயிறு

அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். புத்தகம் வரவில்லை. அடுத்த மாதம் முதல் நூலகத்தில் அண்ணன் வேறு கதை நடத்துகிறான், ஞாயிறு மூன்று மணிக்கு. வேறொன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணனின் புதுக் கதை இன்று ஆரம்பம். நூலகத்தின் பின்னறை, பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலோரம் வெயில். ஆரம்பிக்கும் முன் நூலகர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். கதையில் எது வரவேண்டாமோ எழுதலாம், பெயர் போடவேண்டாம். அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒன்றைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

மூன்றே காலுக்குக் கதவு திறந்தது. அவள்தான், நர்ஸ் சீருடையிலேயே வந்திருந்தாள். எனக்கு எதிர்க்கோடியில், இரண்டு பள்ளிப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு டியூட்டி, ஆறரைக்கு விடணும் என்றாள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். சரிங்க என்றான், ‘ங்க’ போட்டு. அவளுக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். எழுதினாள். அண்ணன் படித்தான், தலையாட்டினான்.

அவரவர் வேஷம் சொல்லவேண்டும். பக்கத்துப் பெண், எங்களுக்கு மருத்துவச்சி இல்ல ஆன்ட்டி, நீங்க எடுத்துக்கறீங்களா என்று ஆசையாகக் கேட்டாள்.

“அது எனக்கு வேலையிலயே போதும்மா” என்றாள். “நான் இரும்படிக்கிறவ. பெரிய சுத்தியல் ஒண்ணு வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும். என் முறை வந்தது. வரைபடக்காரி என்றேன்.

ஆறரைக்கு எழுந்தாள். வர்றேன் என்று மேஜைக்குப் பொதுவாகச் சொன்னாள், எனக்கென்று தனியாக ஒன்றுமில்லை. தன் வேஷம் எழுதிய ஆட்டத் தாளை மட்டும் பையில் வைத்துக்கொள்ளாமல் நூலகரிடம் நீட்டினாள். வீட்டுல தொலைஞ்சிடும், இங்கயே இருக்கட்டும் என்றாள்.