விளங்கிச்சா என்று கேட்ட இடம்

மாம்புரி
12.06.2025

அன்புள்ள நிஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்று உன் கூடப்பிறந்த ராத்தா வீட்டு வாசலில் குர்பான் இறைச்சியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நீ குளிக்கிறாய் என்று ராத்தா சொன்னா. கட்டின மனைவியைக் காண அவ்வளவு நேரம் காத்து நின்றேன். அப்படி என்ன குளிப்பு? சரி, விடு.

இது வேலை விஷயம். போனில் கதைத்தால் சண்டையில்தான் முடியும், அதனால் மின்னஞ்சல். நம்முடைய கணித வீடியோக்களைக் கட்டுரைகளாக எழுதித் தரும்படி அவை வரும் இணையத்தளத்தை நடத்தும் ஹிஷாம் கேட்கிறார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ பார்க்க டேட்டாவும் இல்லை, சிக்னலும் இல்லை. எழுத்தென்றால் எந்தப் பழைய போனிலும் திறக்கும். போனைப் பிடித்துப் படம் எடுத்தவள் நீ. நான் பலகையை மறைத்து நின்ற இடங்களில் என்ன எழுதியிருந்தேன் என்பது உனக்குத்தான் தெரியும். செய்து தருவாயா?

ஒன்று மட்டும். நான் 'விளங்கிச்சா?' என்று கேட்பதும், நீ போனுக்குப் பின்னாலிருந்து 'விளங்கல்ல' என்பதும் எழுத்தில் வேண்டாம். கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஃபஸ்லான்


புத்தளம்
20.06.2025

அன்புள்ள உங்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இறைச்சி கிடைத்தது. நான் குளிக்கவில்லை, குசினியில் அடுப்படியில்தான் நின்றேன்.

பழைய பாடங்களை எழுதிவிட்டேன், இத்துடன் இருக்கின்றன. லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 'இந்தா, இதத் தூக்கி அங்கால போடுங்க' என்று கையைக் காட்டுகிறீர்கள். எழுத்துக்குக் கை ஏது? எது 'இது', சமன்குறிக்கு எந்தப் பக்கம் 'அங்கால' என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன்.

நீங்கள் சொன்னபடி என் கேள்விகளையும் முதலில் வெட்டித்தான் எழுதினேன். ராத்தாவிடம் வாசிக்கக் கொடுத்தால், பாதியில் நின்று, 'இது எங்கயிருந்து வந்த?' என்று கேட்டா. வீடியோவில் நான் கேட்ட அதே இடம். ஆகவே கேள்விகளைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கேட்டவளின் பெயர் இல்லை, பயப்படாதீர்கள்.

ஆனால் சமனிலிப் பாடத்தை என்னால் எழுத முடியாது. அது நான் ராத்தா வீட்டுக்கு வந்த பிறகு எடுத்தது. −2x < 6 என்று எழுதுகிறீர்கள். −2 ஆல் வகுக்கிறீர்கள். சட்டென்று குறியைத் திருப்பி x > −3 என்கிறீர்கள். 'விளங்கிச்சா? சரி, அடுத்தது.' யாரிடம் கேட்டீர்கள்? குறி ஏன் திரும்பியது என்று ஒரு சொல் இல்லை. காரணம் எனக்குத் தெரியும், நானே எழுதிவிடலாம். எழுதமாட்டேன்.

நீங்கள் மாம்புரிக்கு இடமாற்றம் எடுத்தபோதும் இப்படித்தான். சாப்பிடும்போது, 'போவம், சரிதானே?' என்றீர்கள். நான் வாயில் இருந்த சோற்றை விழுங்கக்கூட இல்லை. அடுத்த நாளே என் பள்ளிக்கூட அதிபரிடம் போய், நான் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டீர்கள். என்னுடைய வேலை அது. நானே போய், விடவில்லை என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்றினேன்.

காதியாரிடம் போய் விவாகரத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ராத்தாவின் கணவர். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நிஸ்ரின்


மாம்புரி
29.06.2025

அன்புள்ள நிஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை வாசித்ததும் கோபம்தான் வந்தது. எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று போனை மூடிவைத்துவிட்டேன்.

பிறகு வகுப்புக்குப் போனேன். 'விளங்கிச்சா?' என்றேன். எல்லோரும் ஒரே குரலில், 'ஓம் சேர்' என்றார்கள். எத்தனை வருடமாக இதைக் கேட்டுக்கேட்டே நான் அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். ஒரு பிள்ளையை எழுப்பி, 'குறி ஏன் திரும்பின?' என்று கேட்டேன். பலகையில் இருந்த விடையைத்தான் திரும்ப வாசித்தாள். பக்கத்தில் இருந்தவளும் அப்படியே.

வகுப்பு முடிய ஜூலியானா என்றொரு மாணவி வந்தாள். நீ எழுதி ஹிஷாம் தளத்தில் போட்ட பாடத்தைப் போனில் வாசித்திருக்கிறாள். 'நடுவுல கேள்வி கேக்குறது யாரு சேர்? எனக்கு வந்த சந்தேகத்தையெல்லாம் அவங்க கேக்குறாங்க' என்றாள்.

நேற்று சமனிலிப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். போனைக் கதிரையில் சாய்த்துவைத்தால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு விழுந்துகொண்டே இருந்தது. குறியைத் திருப்பி, 'விளங்கிச்சா?' என்று கேட்டேன். 'சரி' என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. நின்றேன். வீடியோ அதோடு முடிகிறது, அனுப்பியிருக்கிறேன்.

உன் அதிபரிடம் நான் போனது பிழை. இங்கே வந்துவிடு என்று எழுதவில்லை. காதியாரிடம் போகத்தான் வேண்டும் என்றாலும் சொல், வருகிறேன். இந்த முறை உன் பதிலை நான் சொல்லமாட்டேன்.

ஃபஸ்லான்


புத்தளம்
02.07.2025

அன்புள்ள உங்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வீடியோவைப் பார்த்தேன். கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறீர்கள், காற்று மட்டும் இரைகிறது. சேட்டுப் பொத்தானை வேறு மாறிப் பூட்டியிருக்கிறீர்கள். ராத்தா அதைப் பார்த்துச் சிரித்தா. எனக்கு அழுகை வந்தது.

வேலையை விட்டுவிட்டு மாம்புரிக்கு வரமாட்டேன். அதில் மாற்றமில்லை. காதியார் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று ராத்தாவின் கணவரிடம் சொல்லிவிட்டேன். நாம் எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று இரண்டு பேரும் இருந்து கதைக்க வேண்டும். எனக்கு நிறையக் கேள்வி இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: விளங்கல்ல. குறி ஏன் திரும்பும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் எடுத்து வாருங்கள். பலகையை ராத்தா வீட்டு விறாந்தையில் வைக்கலாம். போனை நான் பிடிக்கிறேன். சேட்டை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு வாருங்கள்.

நிஸ்ரின்