கூனி இல்லாத கிழமை

மே 27, திங்கள்

விடியவே கச்சான் காற்று. பல்லுக்குள் மண். தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி.

இன்று அம்மன் கோயில் கதவு திறப்பு. அடுத்த திங்கள் அம்மாளைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடிச் சடங்கு முடியும்வரை ஊரில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டைகூட இல்லை. சடங்கு நாளில் எங்கள் ஊர்ப் பூனைகளுக்கும் விரதம்தான், பாவங்கள்.

செய்த வேலை: மீன்சட்டிகளைச் சாக்கில் கட்டி வேலிக்கு வெளியே வைத்தது. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தது. அம்மி தேய்த்தது. தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே போயிற்று. இனி என்னை எந்த ஆமிச் சென்றியிலும் மறித்து அடையாளம் காண ஏலாது.

இந்த முறை அம்மா ஊரைவிட ஒரு படி மேலே. அண்ணனுக்காக நேர்த்தி. ஆமிக்காரர் அவனைச் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் டவுன் முகாமில் வைத்திருக்கிறார்கள். "குளிர்த்தி முடியுமட்டும் எங்கட வீடு வளவுக்க ஒரு மீன் செதிள் வராது தாயே, என்ட புள்ளைய விட்டிரு" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டா.

இதில் ஒரு சிக்கல். பேர் கடுகதி. கிணற்றடித் தொட்டியில் இருக்கும் அண்ணனின் ஆமை. வயல்வட்டை வாய்க்காலில் அண்ணன் கண்டெடுத்தபோது தீப்பெட்டி அளவு. இப்போது என் உள்ளங்கை அளவு. எங்கள் வீடு ஓலைக் கிடுகு. இந்த வளவில் ஓட்டு வீடு வைத்திருக்கும் ஒரே ஆள் அதுதான். (இனி க. என்று எழுதுவேன். கை வலி, அம்மியால்.)

க.வுக்கு விடிய ஒரு பிடி கூனி. வாவியில் வடிக்கிற பொடி இறால். வேறு ஒன்றும் தொடாது. லொறியில் ஏற்றும்போது அண்ணன் கத்தியது "அம்மா" என்றா? இல்லை. "கடுகதிக்குக் கூனி போடு புள்ள!"

பின்னேரம் அம்மா கூனி டின்னைக் கண்டா. வேலிக்கு மேலால் கொட்டினா. காகங்களுக்குக் கலியாண வீடு.

"அப்ப ஆமைக்கு?"

"அதுவும் நம்மட வீட்டு ஆள்தானேகா. சைவம் இரிக்கட்டும்."

"அது ஆரிட்டயும் நேர்த்தி வைக்கல்லயே அம்மா."

அகப்பைக் காம்பால் ஒன்று. முழங்கையில்.

மே 28, செவ்வாய்

காற்று. இன்னும் காற்று. கணித பாடத்தில் யன்னல் கழன்று விழுந்தது. நான் கழற்றவில்லை. இந்த முறை.

க.வுக்குப் பரிமாறியவை: பொன்னாங்காணி. வெள்ளரிப்பிஞ்சு. வாழைப்பழம். கோயில் பொங்கல், கஜுவோடு (கஜுவை நான் தின்றேன்).

சாப்பிட்டவை: இல்லை.

முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுக்குது, கறி பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி. கண் இரண்டும் வீங்கிக் கிடக்குது. அண்ணன் போனதிலிருந்தே சரியாகத் தின்னவில்லைதான். ஆனால் இப்படி இல்லை. அசைவம் இல்லை என்றதும் அசைவே இல்லை.

வேலிக்கு அங்கால் சின்னமணி மாமியின் தலை. "ஆமைய வெச்சிக்கிட்டு இரிக்கிற வீடு விளங்குமா? அது வந்த மறுகாதானே பொடியனப் புடிச்சவன். கொண்டுபோய் ஆத்தில விடுகா."

மாமிக்குப் பதில் சொல்லாமல் அம்மா விட்டதை இன்றுதான் கண்டேன். வாளியை மட்டும் கிணற்றுக்குள் தொம்மென்று போட்டா.

அண்ணன் வெளியில் வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும்போது நான் என்ன சொல்ல? வெறும் ஓட்டைக் காட்டவா? மாட்டேன். நான் இருக்கும்வரை க. சாகாது. எழுதி வைக்கிறேன்.

மே 29, புதன்

வெயில். திட்டம் என்னுடையது, ஆகவே சரிவந்தது.

டெல்மா: வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. வீடு தன்னாமுனை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் சடங்கு இல்லை, இறால் இருக்குது. (இனி டெ.)

பள்ளி விட்டதும் வீட்டுக்கு வந்து, க.வை ஈரத் துவாயில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தேன். அம்மாவுக்குச் சொன்னது "டெ. வீட்டில் படிப்பு". முதுகோட்டில் சோக்கால் பெரிய "எல்". பழகுநர் சாரதி.

சென்றியில் பை திறப்பு. ஆமிக்காரன் கையை விட்டான். விட்டதைவிடச் சுறுக்காக எடுத்தான்.

"மே மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில்.

"கடுகதி, மாத்தையா."

அவன் மற்றவனைக் கூப்பிட்டான். "இப்பா! இப்பா!" ஆமைக்கு அவர்கள் பாஷையில் அது பேர். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவன் அந்த "எல்"லைக் காட்டி க.விடம் லைசன் கேட்டான். அண்ணனின் வயதுதான் இருக்கும். நானும் சிரித்துவிட்டேன். மறுகா வழி முழுக்க எனக்கு என்மேலேயே கோபம்.

டெ. வீட்டில் பேசினுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் உயிர் இறால். க. முதலில் கல். இறால் ஒன்று மூக்கடியால் போனது. அப்போது பார்க்கவேண்டும் அந்தக் கழுத்தை! இவ்வளவு நீளத்தை உள்ளே மடித்து வைத்திருந்தது எனக்கே தெரியாது. ஒரே கவ்வு. முன்னங்கால் இரண்டாலும் பிய்த்து, தலையை ஆட்டி, விழுங்கி, அடுத்தது. மீசையைக்கூட விடவில்லை.

டெ.யின் அம்மா: "மெல்ல மனே, மெல்ல. ஆரும் பறிக்கப் போறல்ல."

டெ.: "அச்சா உன்னப் போலத்தான்டி. இன்ரவல் பெல் அடிச்ச மாதிரி."

திரும்பி வரும்போதுதான் மூளை வேலை செய்தது. வளவுக்குள் மீன் வராது என்பது நேர்த்தி. இறால் க.வின் வயிற்றுக்குள் இருந்தால் அது வளவுக்குள் வந்த மாதிரியா, வராத மாதிரியா? வேலிப் படலையடியில் நின்று யோசித்தேன். கடைசியில் போத்தலில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, படலைக்கு வெளியே வைத்தே க.வுக்கு வாய் கழுவிவிட்டேன். என் விரலைக் கடித்தது. உடம்பு தேறிவிட்டது.

மே 30, வியாழன்

பிடிபட்டேன்.

தொட்டிக்குள் இறால் கோது. க. பின்பக்கத்தால் போட்டது. நான் கழுவியது முன்பக்கம் மட்டும்.

அம்மா அடிக்கவில்லை. கத்தவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்தா, கோது கையில்.

"அண்ணனுக்கு ஏதும் நடந்தா நீ பதில் சொல்லுவியா புள்ள?"

பகிடி ஒன்றும் வரவில்லை. எனக்கே வரவில்லை.

கோபத்தில் சோறு வேண்டாம் என்றேன். பிறகு தின்றேன். க.வும் நானும் ஒன்றல்ல என்பதற்கு இது ஆதாரம்.

மே 31, வெள்ளி

வானம் மப்பு. மழை இல்லை. அம்மா விடியவே தலை முழுகி, தொட்டியை உமியால் தேய்த்து, அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, என்னோடு மட்டும் பேச்சுக் கதையில்லை.

கதையில்லாத அம்மாவைவிட அகப்பைக் காம்பு நல்லது. ஆகவே வழக்குத் தொடுத்தேன்.

முதல் சாட்சி பல்லி. சாமி விளக்கடியில், பூசை நேரத்தில், அம்மாவின் கண்ணுக்கு முன்னால் விட்டில் பிடித்துத் தின்றது. இரண்டாம் சாட்சி எங்கள் வெள்ளைக் கோழி. குப்பையைக் கிண்டிப் புழு புழுவாக.

"இதுகள் சைவமா அம்மா?"

"வாய மூடு."

"பல்லிய ஏன் ஆத்தில விடல்ல?"

அம்மா கோழியைப் பார்த்தா. கோழி அம்மாவைப் பார்த்து இன்னொரு புழுவை விழுங்கிச்சுது. நல்ல சாட்சி.

"அதுகள் தானாப் புடிக்குதுகள். நாம குடுக்கல்ல."

"அப்ப கடுகதியும் தானாப் புடிச்சா?"

அம்மா கோழியை இன்னொரு தரம் பார்த்தா.

"புடிச்சா அது அதுர பாடு. நீ குடுத்தா நம்மட பாவம். புழு பூச்சிய நீ கையால தொட்டியெண்டா கைய முறிச்சிப்போடுவன்."

தீர்ப்பு கிடைத்துவிட்டது!

பின்னேரம் வாழைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான். காய்ந்த வாழைக்கு ஆரும் ஊற்றலாம். ஈரம் கண்டு நத்தைகள் தாமாக வெளியில் வந்தன. க.வை உலாவ விட்டேன். எந்த நேரமும் தொட்டிக்குள் இருந்தால் அதுக்கும் மனம் அலுக்கும்தானே. நடுவில் நான் இல்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நத்தை தப்பிவிட்டது. நத்தையிடம் ஓட்டத்தில் தோற்ற கடுகதி! வெட்கத்தில் நானே கண்ணை மூடினேன். மறுகா ஒரு சத்தம். கறுக். கோதோடு. பிறகு ஒரு மண்புழு, இடியப்பத்தை உறிஞ்சுகிற மாதிரி.

குசினி யன்னலில் அம்மாவின் முகம். பார்த்தா. போயிட்டா.

ஜூன் 1, சனி

காற்றுக் கொஞ்சம் அடங்கல். கிராமசேவகர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: நாளைக்கு முகாமில் அண்ணனைப் பார்க்க விடுவார்கள். அம்மா உடனே புட்டுக்கு மா இடிக்கப் போயிட்டா.

க.வின் ஒரு கண் நன்றாகத் திறந்துவிட்டது. மற்றது அரைவாசி. கண்ணடிக்கிற மாதிரி இருக்குது.

அம்மா இன்று வாழைக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினா. "வாடிக் கிடக்கு" என்றா. வாழை வாடவில்லை, நீந்துது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் இது சாதனை.

மாமி: "கச்சானுக்க தண்ணிய இப்பிடி வீணாக்குற என்னத்துக்குகா?"

அம்மா: "என்ட கிணறு, என்ட வாழை. ஒனக்கென்ன?"

அப்பாடா. அம்மா திரும்பி வந்துட்டா.

நாளைக்குக் கட்டுவது: புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். மீன் இல்லாமல் அண்ணன் ஒரு பிடி தின்றதில்லை. இதையும் சொல்லவில்லை. சாதனை இரண்டு.

ஜூன் 2, ஞாயிறு

பஸ். இறங்கி நட. ஏறு. இறங்கி நட. பிறகு முகாம் வாசலில் வெயிலுக்குள் லைன். சாப்பாடு உள்ளே விட ஏலாதாம். புட்டுப் பார்சலை மேசைக்குக் கீழே போட்டார்கள். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றா.

கம்பிக்கு அங்கால் அண்ணன். போட்டிருந்த சேட்டுக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

"என்ன மனே இப்பிடி? சாப்பாடு தாறல்லயா?"

"தாறாங்கம்மா. ஒவ்வொரு நாளும் கருவாட்டுக் குழம்ப சோத்துக்கு மேலால ஊத்தித் தாறாங்க." கீழே பார்த்தான். "சடங்கு நாள்தானே. நீங்க எனக்கு நேர்த்தி வெச்சிரிப்பீங்க எண்டு தெரியும். நான் தொடல்ல. குழம்பு படாத ஓரத்துச் சோத்த மட்டும் தின்னுறன்."

அம்மா கம்பியைப் பிடித்தா. அழப்போறா என்று நினைத்தேன். இல்லை. மாமியோடு வேலிச் சண்டைக்குப் போகிற அதே குரல்.

"நான் சொன்னது நம்மட வளவுக்கு. இது நம்மட வளவில்ல. நாம குடுக்கவும் இல்ல. அவன் தாறான், நீ தின்னு. குழம்போட தின்னு. அம்மாளோட நான் பேசிக்குவன்."

"கோயில்ல கேட்டீங்களா அம்மா?"

"இல்ல. ஒன்ட தங்கச்சிர சட்டம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். என்னவோ கேட்க வாய் திறந்தான். விசில். நேரம் முடிந்தது. எல்லாரையும் லைனாகத் திருப்பிக் கொண்டுபோனார்கள். என்ன கேட்க வந்தான் என்று எனக்குத் தெரியாதா? கம்பியில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கடுகதி நத்தை தின்னுது! கோதோட தின்னுது! நீயும் தின்னு!"

ஆமிக்காரன், அம்மா, வெயிலில் நின்ற அவ்வளவு சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் திரும்பவில்லை. ஆனால் அவன் முதுகு குலுங்கிச்சுது. சிரிப்புத்தான்.